யாருடைய கோடரி?

போர்னியோ, சுமத்ரா, மலாய்த் தீபகற்பம் ஆகியவற்றின் தாழ்ந்த நிலப்பகுதிகளில், ஆண்டின் பெரும்பகுதி நீர் தேங்கி நிற்கும் சதுப்புக் காடுகளில், ராமின் என்றொரு மரம் வளர்கிறது. சுமத்ராவுக்குக் கிழக்கேயுள்ள பங்கா தீவின் பெயரைச் சேர்த்து இதனைக் ‘கோனிஸ்டைலஸ் பங்கானுஸ்’ என்பர் தாவரவியலார். 40 மீட்டர் வரை ஓங்கி வளரும். அதில் ஏறத்தாழப் பாதி உயரம் வரை கிளையே இன்றி அடிமரம் நேராக நிற்கும். சேற்றில் காற்று இல்லை. ஆதலால் இதன் வேர்கள் முழங்காலை மடக்கினாற்போல் நீருக்கு மேலே வளைந்து எழுந்து, மூச்சு வாங்கி, மீண்டும் கீழே புகுகின்றன. பட்டையிலுள்ள நுண்ணிய நார்கள் பட்டால் தோல் அரிக்கும். நம் பழந்தமிழ் இலக்கியங்கள் அறிந்த அகிலும் இதுவும் தாவரவியலில் ஒரே குடும்பத்தவை. ஆனால் அகிலின் புகழ் இதற்குக் கிட்டவில்லை. அப்பகுதி மக்கள் இதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்று ‘முதலை அகில்’ என்று பொருள்படும். பெயரிலேயே ஒரு நகைப்பு தொனிக்கிறது.

இம்மரத்தைப் பற்றி எழுதப் புகுவது தாவரவியல் கற்பிப்பதற்கன்று. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1998-இல் ராமினை ‘அழிவுக்கு இலக்காகக்கூடியவை’ என்னும் வகையில் வைத்திருந்தது. 2018-இல் அதனை ‘மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ளவை’ என்னும் வகைக்கு மாற்றியது. அவ்வொன்றியத்தின் வரிசையில் இதற்கு அடுத்த படி, காட்டில் அறவே இல்லாமற்போவதுதான். இருபது ஆண்டுகளில் இத்தனை தூரம் கீழிறங்கிய ஒன்றை யார் வீழ்த்தினார் என்று கேட்டால், ஒருவரும் அகப்படமாட்டார். மரங்களை வெட்டியவர்கள் உண்டு. ‘இனத்தை அழித்தேன்’ என்று சொல்லத்தக்கவர் எவரும் இல்லை. செய்தவர் இல்லாமல் ஒரு தீமை நிகழக்கூடுமா? பாவத்திற்கு ஒரு முகமும் ஒரு பெயரும் உண்டு என்று சிறுவயது முதல் கற்று வந்த நமக்கு, இக்கேள்வி எளிதில் கடந்து போகக்கூடியதன்று.

ராமின் நிற்கும் நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அது உண்மையில் மண்ணே அன்று. மரங்கள் உதிர்த்த இலையும் கிளையும் வேரும் நீரில் அமிழ்ந்து, காற்றுப் புகாமையாலும் புளிப்பு மிகுதியாலும் முற்றும் மக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் கருநிறத் தொகுதி அது. பீட் என்றும் முற்றா நிலக்கரி என்றும் இதனைக் குறிப்பர். நம் நீலகிரியின் மேட்டுப் புல்வெளிப் பள்ளங்களிலும் இது சிறிதளவு உண்டு. போர்னியோவிலோ 10 மீட்டர் ஆழத்தையும் தாண்டிய படிவுகள் இருக்கின்றன. நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்து, கவிழ்த்து வைத்த தட்டைப்போல் இவை அமைந்திருப்பதால் ஆற்றுநீர் இவற்றின்மேல் ஏறுவதில்லை. வானத்து மழை ஒன்றே இக்காட்டுக்கு வாழ்வு. அங்கிருந்து வடியும் ஓடைகள் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் ஓடுகின்றன.

இப்படிவு ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவே உயர்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டவர் இயேசு கலிலேயாவில் நடந்த நாள்களில் அக்காட்டில் உதிர்ந்த இலை இன்று இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழத்தில், இன்னமும் மக்கி முடியாமல் கிடக்கக்கூடும். திருச்சபையின் வரலாறு முழுவதும் அங்கே ஒரு மனிதனின் உயரத்துக்குச் சற்று மேலான படிவுக்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சராவாக்கின் ஏற்றுமதி மரங்களில் முதன்மையானவற்றுள் ஒன்றாக ராமின் ஆயிற்று. வெளிர்மஞ்சள் நிறம், சீரான இழை, உலர்ந்தபின் மணமின்மை, சாயத்தை எளிதில் ஏற்கும் தன்மை, இழைத்தால் வழவழப்பு ஆகிய இவையே இதன் குற்றம். ஐரோப்பிய நாடுகள் இதனை விரும்பி வாங்கின. படச்சட்டங்கள், குழந்தைகளின் தொட்டில் கட்டில்கள், சாளர மறைப்புப் பட்டைகள், துடைப்பத்தின் காம்புகள், பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கோல்கள் என்று பல வடிவங்களில் இது வீடுகளுக்குள் வந்தது. தேக்கு வாங்குபவர் ‘இது தேக்கு’ என்று பெருமையுடன் சொல்வார். ராமின் வாங்கியவர் எவரும் அப்படிச் சொன்னதில்லை. வண்ணத்தின் அடியிலும் பூச்சின் அடியிலும் மறைந்து நிற்பதற்கென்றே விரும்பப்பட்ட மரம் அது. ஒரு பொருள் எந்த அளவுக்குப் பெயரின்றிப் பயன்படுகிறதோ, அந்த அளவுக்கு அதன் அழிவும் பெயரின்றி நடந்தேறுகிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். மரத்தை வெட்டுவது பாவமன்று. இவ்வகையில் நம் மரபு மிகைபட உருகுவதில்லை. தாவரங்களும் விலங்குகளும் மனிதரின் பயன்பாட்டுக்கு உரியவை என்பதே புனித தோமா அக்குவினாசின் போதனை. இணைச்சட்ட நூல், போரில் நகரொன்றை முற்றுகையிடும்போது கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்று தடுக்கும் அதே இடத்தில், கனிதராத மரங்களை வெட்டிக்கொள்ள இடமளிக்கிறது. சாலமோன் எழுப்பிய ஆலயத்திற்கே லெபனோனின் கேதுரு மரங்கள் வேண்டியிருந்தன. தீர் நாட்டு மன்னன் ஈராம் அவற்றை வெட்டிக் கடல்வழியே மிதக்கவிட்டு அனுப்பினான். திருப்பாடல்களில் ஆண்டவர் நட்டவை என்று போற்றப்படுகின்ற கேதுருக் காடுகள் இன்று லெபனோனில் சிறு சிறு எச்சங்களாகவே நிற்கின்றன. சாலமோன் ஒருவனை இதற்குக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கு முன்னும் பின்னும் எகிப்தியர், அசீரியர், உரோமையர் எனப் பலர் வெட்டினர். உரோமைப் பேரரசன் ஏட்ரியன் அக்காட்டின் சில மரவகைகளைப் பேரரசின் உடைமை என ஒதுக்கி எல்லைக் குறிப்புகளைப் பாறைகளில் பொறித்து வைத்தான். அவை இன்றும் காணப்படுகின்றன. குறிப்புகள் எஞ்சின, காடு எஞ்சவில்லை.

ஆக, ஒரு மரத்தை வெட்டலாம். ஓர் இனத்தை? இங்கே அதே தோமா அக்குவினாஸ் வேறொரு வாயிலைத் திறக்கிறார். இறைவன் ஏன் இத்தனை வகைவகையான படைப்புகளை உண்டாக்கினார் என்னும் கேள்விக்கு, இறைவனின் நன்மைத்தன்மையை எந்த ஒரு படைப்பும் தனித்து நின்று முழுமையாகக் காட்ட இயலாது என்றும், ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்யவே படைப்பின் பன்மை அமைந்தது என்றும் தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலின் முதற்பகுதியில் அவர் விடை கூறுகிறார். இதனை உள்ளத்தில் இருத்தினால், ஒரு மரம் விழுவதற்கும் ஓர் இனம் மறைவதற்கும் உள்ள வேறுபாடு வெறும் எண்ணிக்கை வேறுபாடன்று என்பது புலனாகும். முன்னது பயன்பாடு. பின்னது, இறைவனைப் பற்றி அம்மரம் ஒன்றுமட்டுமே சொல்லிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை இனி எவரும் கேட்கமுடியாதபடி செய்துவிடுவது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஏழாம் கட்டளையை விளக்கும் பகுதியில்தான் இதைப் பேசுகிறது என்பதும் கருதத்தக்கது. விலங்குகளும் தாவரங்களும் உயிரற்றவையும் நேற்றைய, இன்றைய, நாளைய மனித குலம் முழுவதற்கும் பொதுவானவை என்கிறது அது. ‘களவு செய்யாதே’ என்னும் கட்டளையின் கீழ் ஒரு காடு வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இனி நம் சிக்கலுக்கு வருவோம். எவரும் இனத்தை வெட்டுவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு மரத்தையே வெட்டுகின்றனர், ஒரு கட்டையையே இழுக்கின்றனர், ஒரு பலகையையே வாங்குகின்றனர். மரவெட்டியைக் கேளுங்கள்: முன்பணம் வாங்கிவிட்டேன், கடன் தீரவேண்டும் என்பான். படகுக்காரர், நான் ஏற்றி இறக்குபவன் மட்டுமே என்பார். அறுவை ஆலைக்காரர், வாசலுக்கு வந்ததை அறுத்தேன் என்பார். துறைமுகத்தில் தாள்கள் சரியாக இருந்தன என்பார்கள். சட்டம் செய்யும் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது மரமே அன்று, அளவாக அறுத்த வெண்கோல்கள். கடைக்காரரிடம் இருப்பது படச்சட்டம். வாங்குபவர் கண்ணில் சட்டமும் இல்லை, படம் மட்டுமே. இவர்களுள் எவரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் காடு வெறுமையாகிறது.

இவர்களில் மரவெட்டியின் நிலையைச் சற்று நின்று நோக்க வேண்டும். சதுப்புக்குள் வண்டி செல்லாது. சராவாக்கின் காடுகளில் மரக்கழிகளைக் குறுக்கே அடுக்கித் தடம் அமைத்து, சறுக்குச் சட்டங்களில் கட்டைகளை ஏற்றி, ஆள்கள் தோளால் இழுத்து வெளியேற்றிய முறை நெடுங்காலம் இருந்தது. குதிரையைக் குறிக்கும் சொல்லால் அம்முறைக்குப் பெயர். இழுத்தவர்கள் மனிதர்களே. இடுப்பளவு சேறு, அட்டை, காய்ச்சல், அரிக்கும் பட்டை, கட்டை உருண்டால் முறியும் கால். இத்தனைக்கும் மேலாக, செய்தித்தாளில் புகைப்படம் வரும்போது கோடரியுடன் நிற்பவன் அவனே. இலாபத்தில் மிகச் சிறு பங்கு பெறுபவனுக்குப் பழியில் மிகப் பெரும் பங்கு கிடைக்கிறது. மரத்துக்கு அருகில் நிற்பதனால் மட்டுமே ஒருவன் பெருங்குற்றவாளி ஆகிவிடுவதில்லை. இது நம் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர் இருக்கலாம்.

அடுத்தது நீரின் கதை. கள்ளத்தனமாக வெட்டியவர்கள் கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுசெல்லக் காட்டுக்குள் சிறு கால்வாய்களைத் தோண்டினர். கால்வாய் வழியே கட்டை வெளியேறியது. கூடவே காட்டின் நீரும் வெளியேறியது. இதனினும் பன்மடங்கு பெரிதாக அரசே ஒன்றைச் செய்தது. 1995 டிசம்பரில் அதிபர் சுகார்த்தோ பிறப்பித்த ஆணையின்படி, நடுக் களிமந்தானில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கும் திட்டம் தொடங்கியது. 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கால்வாய்கள் வெட்டப்பட்டன. புளித்த பீட் நிலத்தில் நெல் விளையவில்லை. 1999-இல் திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்கள் மட்டும் வடித்துக்கொண்டே இருந்தன. நாட்டு மக்களுக்குச் சோறு வேண்டும் என்னும் எண்ணத்தை யார் குறைகூற முடியும்? நல்லெண்ணம் அறியாமையோடும் அவசரத்தோடும் கைகோத்தால் கோடரியைவிடக் கொடியதாகும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேடவேண்டியதில்லை.

நீர் வடிந்த பீட் அமிழ்கிறது. காற்றுப் பட்டதும் மக்கத் தொடங்குகிறது. சுமத்ராவில் வடிகால் வெட்டிய தோட்டங்களில் அளந்தவர்கள், முதல் ஐந்தாண்டுகளிலேயே நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்ததைக் கண்டனர். 500 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்தது ஐந்தே ஆண்டுகளில் போயிற்று. உலர்ந்த பீட் விறகுதான். தீப்பட்டால் வாரக்கணக்கில் நிலத்தடியில் கனன்றுகொண்டே இருக்கும். 1997-ஆம் ஆண்டுத் தீயில் இந்தோனேசியாவின் பீட் நிலங்களிலிருந்து 81 கோடி டன் முதல் 257 கோடி டன் வரை கார்பன் வெளியேறியிருக்கும் என 2002-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உலகம் முழுவதும் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியேற்றியதில் 13 முதல் 40 விழுக்காட்டுக்கு அது ஈடாகும்.

2015-இல் மீண்டும் பெருந்தீ. 26 இலட்சம் ஹெக்டேர் எரிந்தது என்றும், இழப்பு 1,600 கோடி டாலர் என்றும் உலக வங்கி மதிப்பிட்டது. நடுக் களிமந்தானின் தலைநகரான பலங்கராயாவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பகல்வானம் மஞ்சள் புகையால் மூடிக்கிடந்தது. அது 1993-இல் நிறுவப்பட்ட ஒரு மறைமாவட்டத்தின் தலைநகரும்கூட. நம்மைப் போலவே ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்லும் குடும்பங்கள் அங்கே குழந்தைகளின் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு அம்மாதங்களைக் கழித்தன. அதே ஆண்டின் மே மாதம் 24-ஆம் நாளிட்டுத்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமது ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலை எழுதியிருந்தார். மறைந்துபோகும் உயிரினங்கள் தங்கள் இருப்பினாலேயே இறைவனுக்கு அளித்துவந்த புகழை இனி அளிக்கமாட்டா என்னும் துயரம் அதில் உண்டு. மடல் வெளியான சில மாதங்களுக்குள் இறைவனுக்குரிய அப்புகழின் ஒரு பகுதி புகையாக எழும்பியது.

செய்தவர் யார் என்னும் கேள்விக்கு இரண்டு எளிய விடைகள் உண்டு. ‘எல்லாரும் குற்றவாளிகளே’ என்பது ஒன்று. மேடைகளில் கைத்தட்டல் பெறும் விடை இது. ஆனால் எல்லார்மீதும் சமமாகச் சுமத்திய குற்றத்தை எவரும் தம்முடையதாக உணர்வதில்லை. ‘அமைப்பே குற்றவாளி’ என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் விடையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் ஒப்புரவும் தவமும் பற்றி எழுதிய ஊக்கவுரையில் நேரடியாக எதிர்கொள்கிறார். சமூகப் பாவம் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் அமைப்பு பாவம் செய்யாது, மனிதரே செய்கின்றனர் என்கிறார். சமூகப் பாவம் என்பது தனிமனிதப் பாவங்கள் பல சேர்ந்து இறுகியது. தீமையை விளைவிப்போர், அதனால் ஆதாயம் பெறுவோர் ஆகியோருடன் நின்றுவிடாமல், தடுக்கக்கூடியவராயிருந்தும் சோம்பலாலோ அச்சத்தாலோ அலட்சியத்தாலோ வாளாவிருந்தோரையும் அவர் அக்கணக்கில் சேர்க்கிறார். எனவே செய்தவர் இல்லாமல் போகவில்லை. செய்தவர் பலவாகப் பகுக்கப்பட்டிருக்கிறார். பகுத்ததனால் குற்றம் சிறிதாயிற்றா என்பதே எஞ்சிய கேள்வி.

இதற்கு நம் ஒழுக்க இறையியல் பழைய அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. பிறர் செய்யும் தீமைக்கு உடந்தையாவது பற்றிய போதனை அது. தீய நோக்கத்திலேயே பங்குகொள்வது ஒருவகை. நோக்கத்தில் பங்கின்றிச் செயலில் மட்டும் துணைநிற்பது மற்றொரு வகை. பின்னதிலும் நெருங்கிய துணை, தொலைவான துணை என்னும் பிரிவு உண்டு. தொலைவு மிகுந்தால், போதிய காரணமும் இருந்தால், குற்றம் இல்லை எனலாம். புனித அல்போன்ஸ் லிகோரியார் இவற்றை நுணுகி ஆய்ந்தவர். அவருக்கும் முன்பு அறிஞர்கள் வாதிட்ட எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. கெட்ட நோக்குடன் சாளரம் வழியே ஒரு வீட்டினுள் ஏறும் தலைவனுக்கு, அடிக்கு அஞ்சி ஏணி சுமந்து சென்ற வேலைக்காரன் பெரும்பாவம் செய்தவன் ஆவானா? ஆகான் என்று சிலர் எழுதினர். திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் 1679-இல் கண்டித்து ஒதுக்கிய கூற்றுகளில் இதுவும் ஒன்று.

அந்த ஏணிக்காரனுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவன் சாளரத்தைக் கண்டான். தான் எதற்காக ஏணி சுமக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். நம் ஏணியோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமானது. அதன் மேல்முனை எந்தச் சாளரத்தில் சாய்ந்திருக்கிறது என்பது நம் கண்ணுக்குப் படுவதில்லை. எனவே நாம் குற்றமற்றவர்கள் என்று முடித்துவிடலாமா? அந்த நீளம் தானாக வந்ததா, யாரேனும் உண்டாக்கியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ராமினின் வரலாறு இதற்கு ஓரளவு விடை தருகிறது. 1999-இல் இரண்டு சூழலியல் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, ஒராங்குட்டான் குரங்குகளின் புகலிடமான தஞ்சுங் புத்திங் தேசியப் பூங்காவுக்குள்ளேயே ராமின் திருட்டுத்தனமாக வெட்டப்படுவதை வெளிப்படுத்தியது. 2000-ஆம் ஆண்டு சனவரியில் அப்பகுதிக்குச் சென்ற அவ்வமைப்புகளின் ஆய்வாளர் இருவர் தாக்கப்பட்டனர். வெட்டிய மரம் அண்டை நாடுகளின் துறைமுகங்கள் வழியே சென்றது. வழியில் அதன் பிறப்பிடம் தாளில் மாறியது. திருட்டு மரமாய்ப் புறப்பட்டது முறையான சரக்காய்ப் போய்ச் சேர்ந்தது. 2001-இல் இந்தோனேசியா இம்மரத்தை வெட்டுவதைக் கட்டுப்படுத்தி, சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. 2004-இல் பாங்காக்கில் கூடிய மாநாடு அதனை மேலும் கடுமையான இரண்டாம் பட்டியலுக்கு உயர்த்தியது. அதன்பின் ஏற்றுமதி செய்யும் நாடு உரிமச்சீட்டு அளித்தாலன்றி ராமின் எல்லை கடக்கலாகாது. படச்சட்டங்கள் செய்த பலர் வேறு மரங்களுக்கு மாறினர். காலம் தாழ்ந்த நற்செயல்தான், ஆயினும் நற்செயலே.

அறியாமை எப்போதும் தானாய் விளைவதன்று என்பதை இங்கே காண்கிறோம். சில வேளைகளில் அது செய்து விற்கப்படும் சரக்கு. போக்க இயலாத அறியாமை குற்றமாகாது என்பது நம் மரபு. அறிந்தால் சங்கடம் என்று அறியாமல் இருப்பதையே தேர்ந்துகொள்ளும் அறியாமையை அது மன்னிப்பதில்லை. 1970-களில் தன் குழந்தைக்கு வெண்ணிறத் தொட்டில் வாங்கிய ஆங்கிலேயத் தாய் முன்னதைச் சேர்ந்தவர். அவர்மீது நாம் கல்லெறிய மாட்டோம். துறைமுகத்தில் தாளை மாற்றியவன் அறியாதவனே அல்லன். இவ்விருவருக்கும் இடையே, கேட்கக்கூடிய நிலையிலிருந்தும் கேளாமல் மொத்தமாக வாங்கியவர்கள் நிற்கின்றனர். கேள்வி அவர்களையே நெருக்குகிறது.

இங்கே நேர்மையான ஒரு தடையைக் கேட்டாக வேண்டும். வாங்கும் ஒவ்வொரு பொருளின் வேரையும் தேடிக்கொண்டிருந்தால் குடும்பத்தை யார் நடத்துவது? நோட்டுப்புத்தகத்தின் தாள், சோப்பிலுள்ள எண்ணெய், செருப்பின் தோல், இவை எங்கிருந்து வந்தன என்று ஆராய்ந்து வாங்க மாதச் சம்பளக்காரருக்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. இத்தடை வலுவானது. அல்போன்சியாரே மிகுந்த மனக்கலக்கங்களால் துன்புற்றவர். அளவு மீறிய பாவ அச்சம் ஆன்மாவை எப்படி முடக்கும் என்பதை அறிந்திருந்ததனால்தான் அவர் இரக்கமுள்ள இறையியலை எழுதினார். ஏழைத் தாயின் தோளில் போர்னியோவின் காட்டை ஏற்றிவைப்பது நற்செய்தியாகாது.

ஆனால் கேட்கும் ஆற்றல் உள்ளவர்கள் இருக்கிறார்கள். புதிய ஆலயத்துக்கு இருக்கைகளும் பள்ளிகளுக்குச் சாய்மேசைகளும் மருத்துவமனைகளுக்குக் கட்டில்களும் நூற்றுக்கணக்கில் வாங்குபவர்கள் நம்முள்ளேயே உள்ளனர். அவர்கள் விலைப்புள்ளி கேட்கிறார்கள், தவணை கேட்கிறார்கள், தள்ளுபடியும் கேட்கிறார்கள். ‘இது என்ன மரம், எந்தக் காட்டினது?’ என்று கூடுதலாக ஒருவரி கேட்பதற்குச் செலவாகும் மை மிகக் குறைவு. வணிகரிடம் விடை இல்லாமற்போகலாம். இருபது பேர் கேட்டால் இருபத்தோராவது ஆளுக்கு அவர் விடை தேடி வைத்திருப்பார். நம் இல்லங்களில் திரு இருதய ஆண்டவரின் படத்தைத் தாங்கி நிற்கும் சட்டம் எம்மரத்தால் ஆனது என்று கேட்டால், சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? அப்படத்தில் இருப்பவரோ தச்சர். நாசரேத்தின் பட்டறையில் எந்த மரம் நுகத்துக்கு, எந்த மரம் கதவுக்கு என்று தெரியாமல் ஒருநாள் வேலையும் நடந்திராது.

எசாயாவின் நூலில் ஒருவன் மரத்தை வெட்டுகிறான். பாதியை எரித்துக் குளிர்காய்ந்து அப்பம் சுடுகிறான். மீதியைத் தெய்வமாகச் செதுக்கி விழுந்து கும்பிடுகிறான். இறைவாக்கினர் எள்ளுவது அவனது சிலைவழிபாட்டை மட்டுமன்று, அவன் எண்ணிப் பாராமையையும்தான். கையில் இருப்பது என்ன என்று நின்று கேட்கும் அறிவு அவனுக்கு எழவில்லை என்பதே குற்றச்சாட்டு. வெட்டியதற்காக அவர் அவனைக் கடியவில்லை.

அதே சதுப்பில் ராமினுக்கு அருகிலேயே ஜெலுத்தோங் என்னும் மரமும் வளர்கிறது. அதன் பட்டையைக் கீறினால் வெண்பால் வடியும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பால் மெல்லும் கோந்து செய்வதற்காகக் கப்பல் கப்பலாய் ஏற்றுமதியாயிற்று. நடுக் களிமந்தானின் தயாக்கு மக்கள் அதனைக் கீறி விற்றனர். அளவறிந்து கீறினால் மரம் சாவதில்லை. தந்தை கீறிய மரத்தை மகனும் கீறலாம். ஆகவே அம்மரத்துக்கு உரியவர் இருந்தனர், காவல் இருந்தது. ராமினிடமிருந்து பெறக்கூடியது அதன் உடல் ஒன்றே. ஒருமுறை பெற்றால் முடிந்தது. விதையும் குறைவு, முளைக்கும் திறனை அது விரைவில் இழந்துவிடும், வளர்ச்சியும் மெதுவானது. சில மரங்கள் தம் பயனாலேயே பிழைக்கின்றன, சில தம் பயனாலேயே மடிகின்றன. மனித உறவுகளிலும் இவ்வேறுபாடு உண்டு என்பதை இங்கே விரிக்கவேண்டியதில்லை.

பலங்கராயாவுக்கு அண்மையிலுள்ள செபாங்காவ் காடு 2004-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மரக்கடத்தலுக்காக வெட்டிய கால்வாய்கள் அதன் உள்ளே நூற்றுக்கணக்கில் இருந்தன. சுற்றுவட்டாரத்து ஊர் மக்களைக்கொண்டு அவற்றின் குறுக்கே அணைகள் கட்டும் பணி தொடங்கியது. கழிகளை இரு வரிசையாக நட்டு நடுவில் மண்மூட்டைகளை அடுக்கிய எளிய அணைகளே பல. பெருமழையில் சில உடைகின்றன, மீண்டும் கட்டுகிறார்கள். நிலம் எரியாதிருக்க நீர்மட்டம் உயரவேண்டும், அது கையளவு கையளவாகத்தான் உயரும். எரிந்த இடங்களில் ஜெலுத்தோங் முதலிய சதுப்பு மரங்களின் நாற்றுகளை நடுகின்றனர். ராமினை இவ்விதம் மீட்பது கடினம். இளங்கன்றுக்கு நிழல் வேண்டும், நிழல்தர வேறு மரங்கள் முதலில் வளர்ந்திருக்க வேண்டும். இன்று நடப்படும் கன்று படச்சட்டத்துக்குத் தகுதியான பருமன் அடைவதை நடுபவர் காணமாட்டார். அவர் பிள்ளைகள் காணலாம்.